கார்டிஃப் ஹீத் ஆஸ்பத்திரிக்கு ஹை லெவலா, லோ லெவலா? அவசரம்

தேன்மொழி_ஆர்என்:
எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை ஹீத்ல ட்யூட்டி ஜாயின் பண்றேன். ட்ரெயின் ஆப்ல தேடினா என் போன்ல ஒரு மாதிரி வருது, வீட்டுக்காரர் போன்ல வேற மாதிரி வருது. ஒண்ணுல ஹீத் ஹை லெவல், இன்னொண்ணுல ஹீத் லோ லெவல். நேரமும் ஒத்து வரல. எது சரி? தப்பான ஸ்டேஷன்ல இறங்கிட்டா மறுபடி டிக்கெட் எடுக்கணுமா? முதல் நாளே லேட்டா போய் நிக்க முடியாது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

யாழ்_கார்டிஃப்:
தங்கச்சி, எங்கயிருந்து வெளிக்கிடுறியள் எண்டு சொல்லேல்லையே. கார்டிஃப் டவுனுக்குள்ளயோ, வடக்கால பள்ளத்தாக்கு ஊருகள், வேலீஸ் எண்டு சொல்லுற பக்கமோ? அதைச் சொன்னாத்தான் ஏதும் சொல்லலாம்.

திருச்சி_ராஜா:
எங்கிருந்து வந்தாலும் கார்டிஃப் குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல மாறித்தான் ஆகணும். அங்க இறங்கி கோரிட்டன் வண்டி பிடிங்க, அடுத்த ஸ்டாப் ஹீத் லோ லெவல். நான் பொன்டிப்ரீத்ல இருந்தப்போ இப்படித்தான் போவேன். இதுல குழம்ப ஒண்ணும் இல்ல.

ரயில்_ரசிகன்:
என்னைக் கேட்டா குவீன் ஸ்ட்ரீட் வரைக்கும் போகவே வேண்டாம். முந்தின ஸ்டேஷன் கத்தேஸ்ல இறங்கி நடந்துடுங்க. காலை நேரத்துல குவீன் ஸ்ட்ரீட்ல வண்டி மாறக் காத்திருக்கிற நேரத்துக்கு நடையே தேவலை.

திருச்சி_ராஜா:
கத்தேஸ்லேர்ந்து ஹீத் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் ஆகும் சார். பன்னிரண்டு மணி நேர ட்யூட்டிக்கு முன்னாடி அந்த நடை எதுக்கு? மழை வந்தா?

ரம்னிக்காரி:
ஒரு நிமிஷம். ஹீத்னா எந்த ஆஸ்பத்திரி? இங்க எல்லாரும் "ஹீத்"னு சொல்றது யூனிவர்சிட்டி ஹாஸ்பிடல் ஆஃப் வேல்ஸ். ஆனா அதே ஹெல்த் போர்டுக்கு லண்டாக்லயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அது பெனார்த் பக்கம், அதுக்கு கோகன் ஸ்டேஷன். புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெயினிங் ஒரு இடம், வார்டு ஒரு இடம்னு வரலாம். ஆர்டர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. ஷிஃப்ட் எத்தனை மணிக்கு? ஞாயிற்றுக்கிழமையும் வருமா?

தண்டவாளம்72 (மூத்த உறுப்பினர்):
எத்தனை முறை சொல்லியாயிற்று. கேள்வி போடும்போது நான்கு விஷயம் வேண்டும்: எங்கிருந்து, எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. இதில் ஒன்றும் இல்லாமல் "ஹை லெவலா, லோ லெவலா" என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பதில் சொல்பவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆளுக்கொரு வழி போட்டுக் கொடுக்கிறீர்கள்.

அடிப்படையை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஹீத்தில் இரண்டு நிலையம் இருப்பதற்குக் காரணம், இரண்டு தனிக் கம்பெனிகள் போட்ட இரண்டு பாதை. ரம்னி ரயில்வே, கர்ஃபிலியிலிருந்து மலையைக் குடைந்து கார்டிஃபுக்கு நேராக இறங்கும் பாதையை 1871-இல் திறந்தது. ஹை லெவல் அந்தப் பாதையில் இருக்கிறது. கோரிட்டன் பாதை, துறைமுகத்தை வைத்திருந்த கார்டிஃப் ரயில்வே போட்டது. ட்ரீஃபாரஸ்டில் டாஃப் வேல் ரயில்வே என்ற இன்னொரு கம்பெனியின் பாதையோடு சேர்ந்து நிலக்கரியைத் தன் துறைமுகத்துக்கு இழுப்பதுதான் அவர்கள் திட்டம். டாஃப் வேல்காரர்கள் விடவில்லை. 1909-இல் ஒரே ஒரு கரி வண்டி அந்த இணைப்பைக் கடந்தது, அதோடு சரி. 1911-இல் பயணிகள் வண்டி விட்டார்கள், 1931-இல் கோரிட்டனுக்கு அப்பால் பயணிகள் சேவை நின்றது. மிச்சம் இருக்கிற குட்டைப் பாதையில்தான் லோ லெவல். இது தெரிந்தால் ஆப் ஏன் இரண்டு விதமாகக் காட்டுகிறது என்பது தானே விளங்கும்.

யாழ்_கார்டிஃப்:
அண்ணை, சரித்திரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக்கு திங்கட்கிழமை வேலை.

ரயில்_ரசிகன்:
தண்டவாளம் அண்ணன் சொன்ன ரம்னி பாதையிலதான் 2023 ஜனவரில ஸ்டாட்லர் கம்பெனியோட புது வண்டி விட்டாங்க, 231 வகை. பேசர்னு பழைய டீசல் வண்டில போனவங்களுக்குத் தெரியும், பஸ் பாடிய தண்டவாளத்துல ஏத்தி ஓட்டின மாதிரி இருக்கும். இப்ப படி இல்லாம நேரா உள்ள போகலாம். ஆனா அது டீசல்ல ஓடுற வண்டி. 2024 நவம்பர்ல வந்த 756 வகை வண்டிதான் கரண்ட், பேட்டரி, டீசல் மூணுலயும் ஓடும்.

திருச்சி_ராஜா:
அதுதான் எனக்குப் புரியல. இவ்வளவு காசு போட்டு 25,000 வோல்ட் கம்பி இழுக்கிறாங்க, அதையும் விட்டு விட்டு இழுக்கிறாங்க. சென்னைல பீச்–தாம்பரம் 1931-லயே கரண்ட்ல ஓடினது. இங்க இந்தக் காலத்துலயும் பாதி கம்பி, பாதி பேட்டரி. வேலையை ஒழுங்கா முடிச்சிருக்கலாம்.

ரயில்_ரசிகன்:
ராஜா, ரெண்டும் ஒண்ணு கிடையாது. பீச்–தாம்பரம் சமதரை. இங்க ஒவ்வொரு பள்ளத்தாக்கும் குறுகல், ஆறும் ரோடும் ரயிலும் ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டிக்கிட்டே போகும். எல்லாம் கரி வண்டிக்காக 19-ஆம் நூற்றாண்டுல கட்டின தாழ்வான பாலங்க. கம்பி மாட்டணும்னா அத்தனை பாலத்தையும் இடிச்சு உயர்த்தணும், இல்லேன்னா தண்டவாளத்தைக் கீழ இறக்கணும். அதுக்குப் பதிலா பாலத்துக்கு அடியில கம்பில கரண்ட் இல்லாம விட்டுட்டு, அந்தத் துண்டைப் பேட்டரில கடக்குறாங்க. செலவும் குறையும், லைனை மூடி வைக்கிற நாளும் குறையும்.

திருச்சி_ராஜா:
மூடி வைக்கிற நாள் குறையுமா? ட்ரெஹர்பர்ட் லைனை 2023 ஏப்ரல்லேர்ந்து 2024 பிப்ரவரி வரைக்கும் மூடி வெச்சிருந்தாங்க. ரோண்டா பக்கம் குடியிருந்தவங்க அத்தனை மாசமும் பஸ்லதான் போய் வந்தாங்க. பிள்ளைங்க காலேஜுக்குப் போறதுக்கே விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். அவங்ககிட்ட போய் இதைச் சொல்லுங்க.

ரயில்_ரசிகன்:
பாலத்தையும் இடிச்சிருந்தா இன்னும் எத்தனை மாசம் ஆகியிருக்கும்னு யோசிங்க. கஷ்டம் இல்லேன்னு நான் சொல்லல.

தண்டவாளம்72 (மூத்த உறுப்பினர்):
இருவரும் தனி இழை தொடங்குங்கள். அதோடு, பேசர் வண்டியை ரம்னி பாதையின் அடையாளமாகச் சொல்வது தவறு. அது எல்லாப் பள்ளத்தாக்கிலும் ஓடியது.

ரயில்_ரசிகன்:
ரம்னில மட்டும்தான் ஓடிச்சுன்னு நான் எங்க சொன்னேன்?

தேன்மொழி_ஆர்என்:
சாரி, குழந்தையைத் தூங்க வெச்சுட்டு இப்பத்தான் பார்க்கிறேன். யூனிவர்சிட்டி ஹாஸ்பிடல்தான், லண்டாக் இல்ல, ஆர்டர்ல தெளிவா இருக்கு. ஏழரைக்கு உள்ள இருக்கணும். வீடு கர்ஃபிலி.

ரம்னிக்காரி:
கர்ஃபிலியா! அப்போ நீங்க எங்கயும் மாற வேண்டியதே இல்லம்மா. மேல சொன்ன குவீன் ஸ்ட்ரீட், கத்தேஸ் எல்லாத்தையும் விட்டுடுங்க, அது பொன்டிப்ரீத் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு.

உங்க வீட்டுக்கிட்ட ஏறினா வண்டி டனல் தாண்டி லிஸ்வேன், லனிஷென், அடுத்தது ஹீத் ஹை லெவல். கால் மணி நேரத்துக்குள்ள வந்துடும். அங்கயே இறங்குங்க.

ரெண்டு போன்லயும் வேற வேற காட்டினது ஏன்னா, ஒருத்தர் ஹை லெவல் தேர்ந்தெடுத்திருக்கீங்க, இன்னொருத்தர் லோ லெவல். ஆப் கேட்ட ஸ்டேஷனுக்குத்தான் வழி சொல்லும், பக்கத்துலயே இன்னொண்ணு இருக்குன்னு அதுக்கு என்ன தெரியும். லோ லெவல்னு போட்டா, உங்களை ஹை லெவலைத் தாண்டி குவீன் ஸ்ட்ரீட் வரைக்கும் கூட்டிட்டுப் போய், அங்க கோரிட்டன் வண்டிக்கு மாத்தி, வந்த வழியே திரும்பக் கொண்டு வந்து விடும். ரெண்டு பாதையும் ஹீத்துக்குக் கொஞ்சம் தெற்கேதான் பிரியுது, அதனாலதான் இந்தச் சுத்து. நேரம் ஒத்து வராததும் இதனாலதான்.

யாழ்_கார்டிஃப்:
இப்ப விளங்குது. ரம்னிக்காரி சொன்னது சரி. ரண்டு ஸ்டேஷனுக்கும் இடையில சில நிமிஷ நடைதான். லோ லெவல்ல ஒற்றைத் தண்டவாளம், ஒரே ஒரு பிளாட்ஃபாரம். ஹை லெவல்ல ரண்டு பிளாட்ஃபாரம். எங்க நிக்கிறன் எண்டு சந்தேகம் வந்தா அதைப் பாத்தாக் காணும். பெயர்ப்பலகையில வேல்ஷ் மொழியும் இருக்கும், பயப்படாதேங்கோ.

இன்னொண்டு. கர்ஃபிலியில காலமை வாற வண்டிப் பலகையில கார்டிஃப் எண்டு இல்லாமப் பெனார்த் எண்டோ பாரி ஐலண்ட் எண்டோ இருக்கும். கார்டிஃபைத் தாண்டிப் போற வண்டி அதுகள். புதுசா வந்த ஆக்கள் இது எங்கட வண்டியில்லை எண்டு விட்டிட்டு நிக்கிறதைக் கண்டிருக்கிறன். நீங்கள் ஏறுங்கோ.

தேன்மொழி_ஆர்என்:
ஐயோ நேத்து ட்ரயல் பார்க்கப் போனப்போ பெனார்த்னு போட்டிருந்ததைப் பார்த்துட்டு ஏறாம நின்னோம். ரொம்ப நன்றிங்க. ஸ்டேஷன்லேர்ந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

ரம்னிக்காரி:
இருபது நிமிஷம் வெச்சுக்கோங்க, தென்மேற்கே ஹீத் பார்க் பக்கமா நடக்கணும். பனிக்காலத்துல அந்த நேரத்துக்கு இருட்டா இருக்கும், பார்க்குக்குள்ள குறுக்கே போகாம விளக்கு இருக்கிற ரோடாவே போங்க. ஆஸ்பத்திரி ரொம்பப் பெருசு, உள்ள போயி வார்டு கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். முதல் நாள் ஒரு வண்டி முன்னாடியே ஏறிடுங்க.

டிக்கெட் பத்தி கேட்டீங்க. கார்டு தட்டிப் போறதா இருந்தா, ஏறும்போது தட்டின அதே கார்டை இறங்கும்போதும் தட்டணும். ஒரே பேங்க் கார்டா இருந்தாலும், ஏறும்போது போன்ல, இறங்கும்போது பிளாஸ்டிக் கார்டுலன்னு மாத்தித் தட்டினா மிஷினுக்கு அது ரெண்டு ஆள். பேப்பர் டிக்கெட்னா ஹை லெவல்னு கேட்டு வாங்குங்க.

திருச்சி_ராஜா:
ஞாயிறு ட்யூட்டி போட்டா மட்டும் ரயிலை நம்பாதீங்க. காலைல முதல் வண்டியே தாமதமாத்தான் கிளம்பும், ஏழரைக்குக் கண்டிப்பா வராது. லைன் வேலைன்னு பஸ்ஸும் விடுவாங்க. வார்டுல கர்ஃபிலி பக்கத்துலேர்ந்து கார்ல வர்றவங்க யாராவது இருப்பாங்க, முதல் வாரத்துலயே கேட்டு வெச்சுக்கோங்க.

தண்டவாளம்72 (மூத்த உறுப்பினர்):
திரும்பும்போது ஒன்று கவனிக்கவும். ஸ்டேடியத்தில் ரக்பி சர்வதேச ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் கார்டிஃப் சென்ட்ரலிலும் குவீன் ஸ்ட்ரீட்டிலுமே வண்டி நிரம்பிவிடும். பகல் ட்யூட்டி முடிந்து ஹை லெவலில் நிற்பவருக்கு இடம் கிடைப்பது சிரமம். ஆட்ட நாள் பட்டியலை ரோஸ்டரோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே போகும் வண்டி சில கர்ஃபிலியோடு நிற்கும், சில பார்கோட் வரை, சில ரம்னி வரை. உங்களுக்கு எல்லாமே ஆகும்.

யாழ்_கார்டிஃப்:
இதைத்தான் அண்ணை முதலே சொல்லியிருக்கலாம்.

ரயில்_ரசிகன்:
ராஜா, பாலம் விஷயத்துக்குத் தனி இழை போட்டிருக்கேன். வாங்க அங்க பேசுவோம்.

தேன்மொழி_ஆர்என்:
ஹை லெவல்ல இறங்கிப் போயிட்டேன். ஏழுக்கே வார்டுல. எல்லாருக்கும் நன்றி.

ரம்னிக்காரி:
சந்தோஷம்மா. சாயங்காலம் வர்றப்போ ரெண்டு பிளாட்ஃபாரத்துல எது கர்ஃபிலி பக்கம்னு அறிவிப்புல கேட்டுட்டு நில்லுங்க. எந்த வார்டு போட்டிருக்காங்க?