முதல் டிஎஸ்எல்ஆர்: எதைப் பார்த்து வாங்குறது?

கேள்வி: கொழும்பில பாவிச்ச டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாத்தக்கூடிய) கமரா தேடுறன். நிக்கோன் டி3500 (24 மெகாபிக்சல்) நல்லதோ, கெனன் 4000டி (18) நல்லதோ?

பதில்: மெகாபிக்சலை விடுங்கோ. 4000டியில லென்ஸ் மாட்டுற வளையமே பிளாஸ்டிக். கண் வைச்சுப் பாக்கிற வியூஃபைண்டரில, பார்வைக்கேத்த மாதிரித் தெளிவைச் சரிபண்ணுற டயொப்டர் திருகியும் இல்லை. கண்ணாடி போடுறவைக்குக் கரைச்சல்.

பதில்: டி3500 உடம்புக்குள்ள போகஸ் மோட்டார் கிடையாது. மலிவெண்டு பழைய 50மிமீ ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினா கையாலதான் போகஸ் பண்ணோணும். லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருக்கிற, ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி எண்டு எழுதினதை எடுங்கோ.

பதில்: அதைவிட முக்கியம் லென்ஸுக்குள்ள பிடிக்கிற பங்கஸ் (பூஞ்சணம்). லென்ஸின்ர ரெண்டு மூடியையும் கழட்டி, நிக்கோனெண்டா பின்னுக்கிருக்கிற சின்ன லீவரைத் தள்ளித் துவாரத்தைத் திறந்து, டோர்ச் அடியுங்கோ. சிலந்திவலை மாதிரித் தெரிஞ்சா வேண்டாம். வாங்கினாப் பிறகு பையில இல்லை, காத்துப்புகாத டப்பாவில சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ. எங்கட புழுக்கம் தெரியும்தானே.