வன மேலாண்மைத் திட்டத்தில் மக்களின் விழுமியங்களுக்கு எந்த இடம்?

கேள்வி: வனவியல் மாணவி

வணக்கம். வனவியலில் முதுகலை படிக்கும் நான், சத்தியமங்கலம் மலைப்பகுதியில் காட்டை ஒட்டி வாழும் மக்கள் அந்தக் காட்டை எவ்வாறு மதிக்கிறார்கள் என்பதை ஆய்வுப் பொருளாக எடுத்திருக்கிறேன். மரங்களின் அடர்த்தி, மண்ணில் சேரும் கரிமம், ஓடைகளின் நீர்வரத்து, கடுக்காய், நெல்லி, தேன் முதலிய சிறுவன மகசூலின் சந்தை விலை ஆகியவற்றை அளக்கும் முறைகளை எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். குலதெய்வம் உறையும் பாறையையும் முன்னோரைப் புதைத்த மேட்டையும் எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். "இந்த இடத்தைக் காப்பதற்கு ஆண்டுக்கு எவ்வளவு பணம் தருவீர்கள்?" என்று குடும்பந்தோறும் கேட்டு, விடைகளைக் கூட்டி மதிப்பிடும் முறை ஒன்று பாடநூல்களில் இருக்கிறது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்திடம் இதைக் கேட்டால், அவர்கள் சொல்லும் தொகை அவர்களுடைய வறுமையைக் காட்டுமே தவிர அந்த இடத்தின் மதிப்பைக் காட்டாது. பணமாக மாற்ற இயலாத விழுமியங்கள் ஒரு காட்டைப் பற்றிய முடிவை உண்மையிலேயே மாற்றிய எடுத்துக்காட்டு உண்டா? அவற்றை எப்படித் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்?

மறுமொழி 1: கிழக்குமலை

உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையைப் பாருங்கள். அதன் உச்சியில் 7 கோடி டன்னுக்கு மேற்பட்ட பாக்சைட் (அலுமினியத் தாது) இருப்பதாகக் கணக்கிட்டு, ஏறத்தாழ 660 ஹெக்டேர் வனநிலத்தைச் சுரங்கத்துக்கு மாற்றித் தருமாறு கேட்டார்கள். நம் நாட்டில் வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பவர், இழக்கப்படும் காட்டின் பயன்களைப் பணமாகக் கணக்கிட்ட 'நிகர தற்போதைய மதிப்பு' என்ற தொகையைச் செலுத்த வேண்டும். 2008இல் உச்சநீதிமன்றம் ஏற்ற வீதப்படி அது காட்டின் வகையைப் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை இருந்தது. மிக உயர்ந்த வீதத்தில் பெருக்கினாலும் நியமகிரியின் அந்த நிலத்துக்கு 70 கோடி ரூபாய்கூட வராது. அந்த மலையை நியமராஜா என்று வணங்கி, உச்சியில் மரம் வெட்டாமல் காத்துவந்த டோங்கிரியா கோந்து பழங்குடி மக்களுக்கு அது எவ்வளவு பெரிது என்பதற்கு இந்தப் பெருக்கலில் இடமே இல்லை.

2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், சுரங்கத்தால் அம்மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராமசபைகளே ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாவட்ட நீதிபதி முன்னிலையில் 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன. 2014இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதியை மறுத்தது. நியமராஜாவுக்கு மதிப்பெண் போடுவதற்கு யாரும் முறை கண்டுபிடிக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அந்த விழுமியத்தை உடையவர்களிடமே கேள்வி ஒப்படைக்கப்பட்டது. அவர்களுடைய விடைக்குச் சட்டத்தின் வலு இருந்தது. எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் இடுவது என்பதைவிட, முடிவெடுக்கும் அவையில் யார் அமர்கிறார் என்பதே தங்கள் ஆய்வின் முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2: சம்பிகை

நியமகிரி ஒரு திட்டத்தைத் தடுத்த கதை. அன்றாட மேலாண்மைக்கு, தங்கள் ஆய்வுப் பகுதியை அடுத்து மாநில எல்லைக்கு அப்பால் உள்ள பிலிகிரிரங்கன் மலையையும் படியுங்கள். எல்லையின் இருபுறமும் சோளகர் என்ற பழங்குடியினரே வாழ்கிறார்கள். அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் 'எல்லெ' எனப்படும் தனிப்பகுதி உண்டு. அதற்குள் தெய்வத்துக்கும், மாரம்மாவுக்கும், வீரு எனப்படும் சிறுதெய்வத்துக்கும், முன்னோரின் கல்லுக்கும், நீரூற்றுக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. ஆய்வாளர்களும் சோளகர்களும் சேர்ந்து நடந்து, இத்தகைய இடங்களை நூற்றுக்கணக்கில் நிலப்படத்தில் குறித்தார்கள். 2011இல், அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், சோளகர்களின் சமூக வன உரிமையும், அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தவும் காக்கவும் உள்ள உரிமையும், ஏற்கப்பட்டது. காப்பகம் ஒன்றுக்குள் அவ்வாறு நிகழ்ந்தது நாட்டில் அதுவே முதல்முறை.

விழுமியத்தையும் அறிவையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் தீயிடுவது சோளகர்களின் வழக்கம். 1970களில் சரணாலயம் வந்தபின் அது தடைசெய்யப்பட்டது. தீ நின்றதால்தான் உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுப் புதர் காட்டை மூடிவிட்டது என்றும், நெல்லி மரங்களில் 'உப்பிலு' என்ற ஒட்டுண்ணி பெருகி மரங்கள் மடிகின்றன என்றும் அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கியதால் காட்டுக்கு நேர்ந்த இழப்பு பெரிது. உண்ணிச்செடி பெருகியதைப் பின்னர் வந்த அளவீடுகளும் காட்டின.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற வனச்சரகர்

முன்னிருவரின் கருத்துகளை ஏற்கிறேன். ஆயினும் 'மக்கள்' என்று ஒருமித்த குரல் ஒன்று இருப்பதாகக் கொண்டுவிட வேண்டாம். ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவருக்குக் காடு மேய்ச்சல் நிலம். தேனெடுப்பவருக்கு அது வேறு. விறகு சுமக்கும் பெண்ணுக்கு வேறு. பவானி நீரை நம்பிச் சமவெளியில் பயிர் செய்பவருக்கோ முற்றிலும் வேறு. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டின் வனங்கள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலுரிமை இருக்கிறதே என்று சொல்லலாம். பர்கூர் மாடு வளர்ப்போரில் பெரும்பாலோர் பழங்குடியினர் அல்லர். எனவே அவர்கள் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகள், அக்காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தில் சான்று வைத்திருப்பவர் மிகச் சிலரே. அந்த மாட்டினத்தின் மீது அவர்கள் கொண்டிருக்கும் பற்று உண்மையானது, ஆனால் அதற்கு அவையில் நாற்காலி இல்லை.

அவை அமைப்பதிலும் ஏமாற்றம் நேரலாம். ஜப்பான் நிதியுதவியுடன் 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராமந்தோறும் வனக்குழு அமைத்தோம். தீவனமும் விறகும் கிடைத்த ஊர்களில் அது நன்மையே செய்தது. எனினும் குழுவின் பதிவேடும் கணக்கும் வனத்துறையின் கையில் இருந்தமையால், எங்கே எதை நடுவது என்ற முடிவு பெரும்பாலும் எங்களிடமே தங்கிவிட்டது. தாங்கள் கள ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் கூட்டத் தீர்மானங்களைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

வனவியல் மாணவி

மூவருக்கும் நன்றி. அப்படியானால், பணமதிப்பீட்டு வினாக்களைக் கைவிட்டு, ஊராருடன் நடந்து இடங்களைக் குறிப்பதையும், முடிவுகள் எடுக்கப்பட்ட விதத்தை ஆராய்வதையும் என் முறைகளாகக் கொள்கிறேன். புனித இடங்களை வரைபடத்தில் வெளியிடுவதால் அவற்றுக்கே தீங்கு வராதா என்ற அச்சமும் எழுகிறது.

மறுமொழி 2: சம்பிகை

வரக்கூடும். எந்த இடத்தைக் குறிக்கலாம், எதைப் பெயரோடு மட்டும் நிறுத்தலாம், வரைபடம் யாரிடம் இருக்க வேண்டும் என்பவற்றைத் தொடங்குமுன் கிராமசபையில் கேட்டுத் தீர்மானமாகப் பெறுங்கள். வன உரிமைச் சட்டத்தின் 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அச்சபையில் உறுப்பினர்களில் பாதிப்பேராவது இருக்க வேண்டும்; வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். கிழங்கும் கீரையும் சேகரிக்கும் பெண்கள் காட்டும் இடங்கள், ஆண்கள் காட்டுபவற்றிலிருந்து பெரிதும் வேறுபடும் என்பதால், அவர்களுடன் தனியாகவும் நடந்து பாருங்கள். மூலப்படி ஊரிலேயே இருக்கட்டும். ஆய்வேட்டில் அவர்கள் இசைந்தவை மட்டும் போதும்.