பெரியப்பா விட்டுப்போன யமஹா டிஎக்ஸ்7: திருத்துவதா, விற்பதா?

இணுவில் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு சின்னக் கோஷ்டியோடு கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று கீபோர்ட் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது ரிதம் போட்டுத் தரும் சாதாரண யமஹா பிஎஸ்ஆர். போன மாதம் பெரியம்மா வீட்டு அறையைத் துப்புரவாக்கும்போது கட்டிலுக்குக் கீழே, பழைய சீலையால் சுற்றி அதற்கு மேலே உரப்பையும் போட்டுக் கட்டியபடி ஒரு டிஎக்ஸ்7, யமஹாவின் எண்பதுகளின் சிந்தசைசர் கீபோர்ட், கிடந்தது. பெரியப்பா 1985இல் லண்டனில் இருந்து கொண்டுவந்ததாம். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப் போனார்கள், திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் இருந்திருக்கிறது. பெரியப்பா இப்போது இல்லை.

கரண்ட் கொடுத்தால் லைட் எரிகிறது. ஆனால் திரையில் வாசிக்க முடியாத எழுத்துகள் ஓடுகின்றன, கட்டையை அழுத்தினால் கரகரவென்று ஒரு இரைச்சல்தான். இரண்டு கட்டைகள் பேசவே இல்லை. ஒரு கடையில் காட்டினேன். போர்ட் அடிபட்டுவிட்டது, உதிரிப்பாகத்துக்கு வேண்டுமானால் எடுக்கிறோம் என்று ஒரு சின்னக் காசு சொன்னார்கள். கொடுத்துவிட்டுப் புதிதாக ஏதாவது வாங்கட்டுமா? இதில் ரிதமும் இல்லை, எனக்கு இது உதவுமா என்றே விளங்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு சீஆர் கொப்பியும் இருந்தது, பக்கம் பக்கமாக வெறும் இலக்கங்கள், எல்லாம் 99க்கு உட்பட்டவை. கணக்குக் கொப்பி என்று நினைக்கிறேன்.

சோல்டர் அண்ணை:
தம்பி, தயவுசெய்து கடைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் போர்டில் பிழை இல்லை, உள்ளே இருக்கும் பற்றரி செத்திருக்கிறது. டிஎக்ஸ்7 தன்னுடைய 32 ஒலிகளையும் ஒரு சின்ன 3 வோல்ட் பொத்தான் பற்றரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கும். அது இறங்கினால் நினைவில் குப்பை எண்கள் நிறைந்துவிடும், அந்தக் குப்பையைத்தான் அது எழுத்தாகவும் இரைச்சலாகவும் உங்களுக்குக் காட்டுகிறது. திரையில் ஏதோ ஓடுகிறதே, அதுவே மூளை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத் திறவுங்கள். பழைய பற்றரியை ஈயத்தை இளக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிஆர்2032 போடும் ஒரு சின்னக் கூட்டை வையுங்கள். பற்றரியின் மேல் நேராக ஈயம் வைக்கவே கூடாது, சூட்டில் வெடிக்கும். கூடு வைத்துவிட்டால் அடுத்த முறை யாரும் அயன் தூக்கத் தேவையில்லை. பிறகு ஃபங்ஷன் பொத்தானை அழுத்திவிட்டு 14ஐ அழுத்தினால் பற்றரி எத்தனை வோல்ட் என்று அதுவே சொல்லும்.

அடுத்தது ஒலிகளைத் திரும்பப் போடுவது. நினைவை மாற்ற விடாமல் பூட்டும் மெமரி புரொடெக்டை நிறுத்துங்கள், ஃபங்ஷனில் 8ஐ அழுத்திக்கொண்டே போய் 'சிஸ் இன்ஃபோ அனவெயில்' என்று வரும்போது யெஸ் பொத்தானை அழுத்தி 'அவெயில்' ஆக்குங்கள். கொம்பியூட்டரில் இருந்து, வாத்தியங்களை இணைக்கும் மிடி வயரால் 32 ஒலியும் அடங்கிய ஒரு கோப்பை அனுப்ப வேண்டும், மொத்தம் 4104 பைட்தான். ஆக மலிவான யூஎஸ்பி மிடி வயர் வாங்காதீர்கள், சாதாரணமாக வாசிக்கும்போது சரியாக வேலை செய்யும், இப்படிப் பெரிய கட்டாக அனுப்பினால் நடுவில் விழுங்கிவிடும். பேசாத கட்டைகள் பெரும்பாலும் தூசியும் உப்புக்காற்றும் செய்த வேலை, தொடுமுனையைத் துடைத்தால் சரிவரும்.

பழைய கோஷ்டிக்காரன்:
நீர் கணக்குக் கொப்பி என்று எழுதியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அதை எங்கேயும் எறிந்துவிடாதேயும். 99க்குள் இலக்கம் என்றால் அது உம்முடைய பெரியப்பா தானாகச் செய்த ஒலிகளாகத்தான் இருக்க வேண்டும். அந்த வாத்தியத்தில் எல்லா அளவும் அநேகமாக 0 முதல் 99 வரைதான். பற்றரியை நம்பாதவர்கள் இப்படித்தான் எழுதி வைப்போம். ஒரு பக்கத்தில் ஆறு நிரல் இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் நாலு நாலாக இரண்டு கட்டு எண்கள் இருக்கிறதா என்று பாரும். ஆறு என்பது ஆறு ஒப்பரேட்டர், அதாவது ஒலி அலையை உண்டாக்கும் அலகுகள். முதல் நாலு ஒலி எழுந்து அடங்கும் வேகம், அடுத்த நாலு அதன் மட்டம். பக்கத்தின் தலைப்பில் 1 முதல் 32க்குள் ஒரு எண் இருந்தால் அது அல்கோரிதம், அதாவது அந்த ஆறும் ஒன்றையொன்று எப்படி உலுப்ப வேண்டும் என்பதன் வரைபடம்.

எண்பதுகளில் நானும் ஒரு டிஎக்ஸ்7 வாசித்தவன். எங்கள் மேடைகளில் ஜெனரேட்டர் இழுத்து இழுத்து ஓடும், குழல் விளக்கு மங்கி மங்கி எரியும், கசெட் பிளேயர் சுருதி விட்டு அழும். இது மட்டும் அசையாது, உள்ளே படிகக் கடிகாரம். லவுட்ஸ்பீக்கர் குழாய்க்குள்ளால் போனாலும் அந்த இ.பியானோ 1 என்ற மின்பியானோ ஒலி, வரிசையில் 11ஆவது, கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டி பட்டது போல் வெட்டிக்கொண்டு கேட்கும்.

1990க்குப் பிறகு போரால் எங்களுக்குக் கரண்டே இல்லை. டோர்ச் பற்றரிக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். அத்தனை வருடமும் கட்டிலுக்குக் கீழே ஒரு பொத்தான் பற்றரி அந்த 32 ஒலியையும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கு என்னவோ செய்கிறது.

ரொறன்ரோ ரவி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். உணர்வு வேறு, மேடை வேறு. இது 14 கிலோவுக்கு மேல். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா ஓட முடியாது. ஒரு நேரத்தில் ஒரு வாத்தியத்தின் ஒலிதான் வாசிக்கும், இடது கையில் பேஸ் வலது கையில் ஸ்ட்ரிங்ஸ் என்று பிரிக்கவும் முடியாது. அந்த ஒலிதான் வேண்டும் என்றால் டெக்ஸ்ட் என்ற மென்பொருள் இலவசம், அதே கோப்புகளை அப்படியே வாசிக்கும். கையில் பிடிக்க ஏதாவது வேண்டும் என்றால் கோர்க் ஒப்சிக்ஸ், 2020இல் வந்தது, அதுவும் ஆறு ஒப்பரேட்டர். கோர்க்கின் சின்ன வாத்தியமான வோல்கா எஃப்எம்மில் முதலில் வந்ததை வாங்காதீர்கள், அதில் ஒரே நேரத்தில் மூன்று சுரம்தான், நாலு விரல் வைத்தால் ஒன்று காணாமல் போகும்.

ஆனால் விற்கவும் சொல்லமாட்டேன். டிஎக்ஸ்7 ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது, அரிய பொருள் இல்லை, பெரிய காசு வராது. அந்தக் காசோடு இன்னும் போட்டுப் பழைய ரோலண்ட் ஜூனோ-106 வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கவனம். 1984 வாத்தியம், ஒலி தேன் மாதிரி, ஆனால் உள்ளே இருக்கும் ஆறு குரல் சிப்பும் ஒவ்வொன்றாகச் சாகும் வியாதி அதற்கு உண்டு. டிஎக்ஸ்7க்கு வரும் வியாதி அநேகமாக இந்தப் பற்றரிதான்.

வீணை ரீச்சர்:
மேடைக்குக் கனம் என்பது சரி. ஆனால் ரிதம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்ல வேண்டாம் தம்பி. நம்முடைய இசைக்கு இதில் இருக்கும் சில வசதிகள் உங்கள் பிஎஸ்ஆரில் இருக்காது. ஃபங்ஷனில் 2 போய் மோனோ ஆக்குங்கள், 5இல் போர்ட்டமெண்டோவை 'ஃபிங்கர்ட்' என்று வையுங்கள். இப்போது ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் மட்டும் சுரம் வழுக்கிப் போகும், விட்டு அழுத்தினால் நேராக விழும். எங்கே ஜாரு வேண்டும் எங்கே வேண்டாம் என்பது உங்கள் விரலில் இருக்கிறது. சுரத்தை வளைக்கும் சக்கரமான பெண்டரை 2க்கு வைத்து ஸ்டெப்பை 0 ஆக்கினால் காந்தாரத்தை மெல்ல அசைக்கலாம். வாயில் வைத்து ஊதும் பிரெத் கொன்ட்ரோலருக்கு ஒரு துளையும் இருக்கிறது, மூச்சால் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். புல்லாங்குழல் வாசிப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரை ஊதச் சொல்லி நீங்கள் கட்டையைப் பிடித்துப் பாருங்கள். நான் ஒரு பிள்ளையோடு இப்படி மோகனம் வாசித்துப் பார்த்தேன், இரண்டு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் பாடியது போல் இருந்தது.

இணுவில் பையன்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை சோல்டர் அண்ணையிடமே கொண்டுபோனேன். பற்றரி வெறும் 1.1 வோல்ட். மாற்றி, ஒலிகளை ஏற்றி, கட்டை இரண்டையும் துடைத்தோம். எல்லாம் பேசுகிறது.

கோஷ்டிக்கார ஐயா சொன்னபடியே கொப்பியில் ஆறு ஆறு நிரல். ஒன்பது ஒலிகள். ஒரு பக்கத்தின் தலைப்பு 'மணி', அதில் ஒப்பரேட்டரின் அதிர்வு விகிதம் 3.50 என்று அடிக்கடி வருகிறது. அண்ணை பார்த்தவுடனே சொன்னார், முழு எண்ணாக இருந்தால் நரம்பு, குழல் மாதிரி வரும், இப்படி அரை குறையாக இருந்தால் உலோகம், அது மணியேதான் என்று. நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக உள்ளே போட்டேன், இரண்டு மணித்தியாலம் பிடித்தது. ஒரு எண்ணை மட்டும் கறையான் தின்றுவிட்டது, நாலாவது ஒப்பரேட்டரின் வெளியீட்டு மட்டம். எழுபதில் இருந்து ஒன்று ஒன்றாகக் கூட்டி வாசித்துக்கொண்டு இருந்தேன். 78இல் தகரம் மாதிரி இருந்தது. 82க்கு வந்தபோது அடுப்படியில் இருந்து பெரியம்மா, 'அதுதான், அதை மாற்றாதே' என்றார்.