வயர் ஃபீடருக்குத் தமிழ்ச் சொல்: கம்பியூட்டியா, கம்பிசெலுத்தியா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பற்றவைப்புப் பட்டறைகளில், உருக வேண்டிய கம்பியைச் சுருளிலிருந்து கையில் பிடிக்கும் டார்ச்சுக்கு இடைவிடாமல் அனுப்பும் 'வயர் ஃபீடர்' என்ற கருவிக்குக் 'கம்பியூட்டி' என்ற பெயர் சென்ற மடலில் முன்வைக்கப்பட்டது. பாலூட்டி என்னும் நன்கறிந்த சொல்லின் வழியில் அமைந்திருப்பதால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், குன்னூர்ப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளின் பழுதுவேலைகளில் பல ஆண்டுகளாக இக்கருவியோடு புழங்கிவரும் எனக்கு அதில் இரண்டு தடைகள் தோன்றுகின்றன.

முதலாவது, நாங்கள் வாழும் இடத்தைச் சார்ந்தது. நீலகிரியில் 'ஊட்டி' என்றால் உதகமண்டலம்தான். பட்டறைப் பேச்சில் நீண்ட பெயரின் முற்பாதி விரைவில் உதிர்ந்துவிடும். பிறகு வாடகைச் சீட்டில் 'ஊட்டி 1' என்று எழுதியிருந்தால் அது கருவியா, அனுப்ப வேண்டிய ஊரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். எனினும் ஒரு மாவட்டத்தின் வசதிக்காகத் தமிழுலகம் முழுவதற்குமான சொல்லை மாற்றும்படி நான் கேட்கவில்லை.

இரண்டாவது தடையே என்னை எழுத வைத்தது. ஊட்டுதல் என்பது உண்பவரின் பசியறிந்து கொடுப்பது. மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் 'மாறா மின்னழுத்த' எந்திரத்தில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. கம்பியின் வேகத்தை நாம்தான் திருகி வைக்கிறோம்; அந்த வேகத்தில் வந்து சேரும் கம்பியை உருக்குவதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவையோ அவ்வளவையும் எந்திரம் கொடுத்தாக வேண்டும். 0.9 மி.மீ. இரும்புக் கம்பி நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 மீட்டர் ஓடினால் மின்னோட்டம் 100 ஆம்பியரை ஒட்டி நிற்கும். வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடும். மெல்லிய தகட்டில் ஓட்டை விழும்போது, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் மின்னழுத்தக் குமிழை மட்டுமே திருகிக்கொண்டு நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். 'கம்பியைச் செலுத்தும் வேகம்தான் மின்னோட்டம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவர்கள் கை சரியான குமிழுக்குப் போகிறது. அந்தப் பாடம் பெயரிலேயே இருக்கட்டும் என்பதால் 'கம்பிசெலுத்தி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். உந்தி, தள்ளி ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் நீண்ட குழாயில் அலுமினியக் கம்பி மடங்காதிருக்கப் பின்னாலிருந்து தள்ளுவதோடு முன்னாலிருந்து இழுக்கும் வகைகளும் உண்டு. தள்ளுதல், இழுத்தல் இரண்டையும் தாங்கக்கூடியது செலுத்துதல் ஒன்றே.

'செலுத்தி' என்பது வினையெச்சமாகவும் படிக்கப்படுமே என்று சிலர் கேட்கலாம். ஒலிபெருக்கியிலும் அதே நிலைதான்; ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதால் அங்கே குழப்பம் வருவதில்லை. இரண்டாம் வேற்றுமைத் தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது என்பதற்கும் ஒலிபெருக்கியே சான்று.

எதிர்த்தரப்பிற்கு வலுவான ஒரு வாதத்தையும் நானே சொல்லிவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருந்த நாளொன்றில், தொழிற்சாலைக்குக் கீழே சரிவில் ஓடும் தண்ணீர்க் குழாயின் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. வண்டி இறங்காத இடமாதலால், ராடு (பற்றவைப்புக் குச்சி) வேலைக்கான, மின்னோட்டத்தை ஒரே அளவில் வைக்கும் 'மாறா மின்னோட்ட' எஞ்சின் எந்திரத்தைச் சாலையிலேயே நிறுத்தி, கேபிளைச் சரிவில் இறக்கி, செலுத்தியை மட்டும் கையில் தூக்கிச் சென்றோம். அன்று கொண்டுசென்ற செலுத்திக்குத் தனிக் கட்டுப்பாட்டு ஒயர் கிடையாது. வேலைப்பொருளில் ஒரு கவ்வியை மாட்டினால், மின்வில்லின் (கம்பி நுனிக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே எரியும் மின்சுடரின்) மின்னழுத்தத்திலிருந்தே அது இயங்குகிறது. மாறா மின்னோட்ட எந்திரத்தோடு சேரும்போது, வில் நீண்டால் கம்பியை விரைவாகவும் குறுகினால் மெதுவாகவும் விடுகிறது. இதைப் பசியறிந்து ஊட்டுவது என்றால் மறுக்க இயலாது. ஆனாலும் சீரான பற்றவைப்புக்கு மாறா மின்னழுத்தமே மேல் என்பதால், பொதுப்பெயரைச் செலுத்தியாகவே வைத்து, இந்த வகையை மட்டும் 'வில்லுணர் செலுத்தி' என்று பிரித்துச் சொல்லலாம்.

அன்று கரியமில வாயு சிலிண்டரைக் கீழே இறக்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுக் காற்றே உருகும் உலோகத்தைக் காற்று படாமல் காக்கும் அந்த வாயுவைக் கலைத்துவிடப் போதுமானது. வாயு தேவைப்படாத, உள்ளே இளக்கி (ஃப்ளக்ஸ்) அடைத்த கம்பியைத்தான் பயன்படுத்தினோம். தன் காப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் அதற்குத் 'தற்காப்புக் கம்பி' என்ற பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. இக்கம்பிக்கு டார்ச்சைப் பெரும்பாலும் எதிர்மின் முனையில் இணைக்க வேண்டும். வாயுவோடு ஓடும் திடக்கம்பிக்கு நேர்மின் முனையில். பெயர் தெளிவாக இருந்தால் இந்த வேறுபாடும் நினைவில் நிற்கும்.

செலுத்தியில் கம்பியை நகர்த்தும் உருளைக்கும் குழாய்வாய்க்கும் இடையில் கம்பி சுருண்டு அடைத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'பேர்ட்ஸ் நெஸ்ட்' என்பர்; அதைப் 'பறவைக்கூடு' என்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நூலில் விழும் சிக்கை நாம் அறிவோம், 'கம்பிச்சிக்கு' போதும்.

இனி உருளைகளுக்கு வருகிறேன். திட இரும்புக் கம்பிக்கு வி வடிவிலும், மென்மையான அலுமினியத்திற்கு யு வடிவிலும் பள்ளம் வெட்டியிருக்கும். இளக்கி அடைத்த கம்பியை நசுக்காமல் பிடிப்பதற்குப் பள்ளத்தில் பற்கள் வெட்டியிருக்கும். தச்சர்கள் மரத்தில் எடுக்கும் 'காடி' என்ற சொல்லை இங்கே கொண்டுவந்து விக்காடி, யுக்காடி, பற்காடி உருளைகள் என்று சொல்ல விரும்புகிறேன். தச்சுவேலை அறிந்த அன்பர்கள் காடி என்பதை வேறு பொருளில் ஆளுகிறார்களா என்று தெரிவித்தால், பட்டியலில் சேர்ப்பதற்கு முன் திருத்திக்கொள்வேன்.