ஊலாங் தேநீர்: பூ வாசத்துக்குப் பிறகு எதைச் சுவைக்க வேண்டும்?

செராஸ்வாசி:

வணக்கம். சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத் தோழி ஒருவர் தியே குவான் யின் என்ற ஊலாங் தேயிலை ஒரு டப்பா கொடுத்தார். கரும்பச்சையில் இறுகச் சுருண்ட உருண்டைகள். பொட்டலத்தைப் பிரித்ததும் அப்படியொரு பூ வாசம். ஆனால் பெரிய குவளையில் ஒரு கரண்டி போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் குடித்தால் அந்த வாசத்தைக் காணவில்லை. புல் வாடையும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும்தான் மிஞ்சுகின்றன. காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் பால் விட்டு ஆற்றிய தே தாரே குடிப்பவர்கள், கேட்பதற்கு ஆளில்லை.

இன்னொன்று. ஒரு பேரங்காடிக் கடையில் தா ஹோங் பாவ் என்ற இன்னொரு ஊலாங்கைக் காட்டினார்கள். 'தாய் மரத்து இலை' என்று சொல்லி 50 கிராமுக்கு 480 ரிங்கிட் கேட்கிறார்கள். வாங்கலாமா? ஊலாங்கில் உண்மையில் எதைத்தான் சுவைக்க வேண்டும்?

தண்ணீர்மலை:

தங்கை, முதலில் அந்த 480 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும். தா ஹோங் பாவ் தாய் மரங்கள் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில், வூயி மலையின் ஒரு பாறைச் சரிவில் நிற்கின்றன. மொத்தமே ஆறு. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதில்லை. கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் பெய்ஜிங்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பது, அம்மரங்களின் தண்டை வெட்டி நட்டு வளர்த்த செடிகளின் இலை, அல்லது ஷுய் சியன், ரோ குய் போன்ற வூயி வகைகளைக் கலந்தது. கலப்பது குற்றமே இல்லை, அருமையான கலவைகளைக் குடித்திருக்கிறேன். தாய் மரம் என்று சொல்லி விற்பதுதான் பொய்.

இனி உங்கள் டப்பா. தியே குவான் யின் ஃபூஜியானின் தெற்கே ஆன்சி வட்டாரத்தைச் சேர்ந்தது. ஒரே செடியின் இலையை இரண்டு விதமாக முடிப்பார்கள். உங்களிடம் இருப்பது இளம் பக்குவம்: ஆக்ஸிஜனேற்றம், அதாவது காற்றுபட்டு இலை சிவப்பது, குறைவு; தீயில் வாட்டுவதும் அநேகமாக இல்லை. வாசம் தூக்கலாக இருக்கும். ஆனால் நம் ஊர் வெக்கையில் திறந்து வைத்தால் சீக்கிரம் போய்விடும்; காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். மற்றது வாட்டிய பக்குவம். பினாங்கில் ஹொக்கியன் சீனப் பெரியவர்கள் பலர் குடிப்பது அதுதான். துறைமுகத்தில் சரக்கு விடுவிப்பு வேலை பார்த்த காலத்தில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, தம் கடையின் பின்கட்டில் எனக்கு ஊற்றிக் கொடுத்ததும் அதுவே. அன்றிலிருந்து எனக்கு வாட்டிய இலையின் பக்கம்தான் மனம் சாய்கிறது, மறைப்பானேன்.

குவளையை விடுங்கள். மூடியுள்ள சிறு சீனக் கிண்ணம் ஒன்று, கைவான் என்பார்கள், 100 மில்லி பிடிப்பதாக வாங்குங்கள். அதில் 6 கிராம் இலை. நன்றாகக் கொதித்த தண்ணீர். முதல் ஊற்றலை உடனே கொட்டிவிட்டு, மூடியைத் திருப்பி மூக்கருகே பிடியுங்கள். நீங்கள் தேடும் பூ அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஊற்றலுக்கு 15 விநாடி போதும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். மிச்சம் நின்றால் அடுத்த கிண்ணம் கசக்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சில விநாடி கூட்டிக்கொண்டே போகலாம். ஏழு முறை ஊற்றினாலும் வாசம் நிற்கும் என்று தியே குவான் யின்னைச் சீனர்கள் புகழ்வார்கள். நல்ல இலையில் அது மெய்.

எதைச் சுவைப்பது என்று கேட்டீர்கள். விழுங்கிய பிறகு வருவதை! உறிஞ்சிக் குடித்துவிட்டு வாயை மூடி, மூக்கால் மெல்ல மூச்சு விடுங்கள். முதலில் ஒரு துவர்ப்பு தெரியும், பிறகு அது கரைந்து தொண்டையிலிருந்து இனிப்பு ஏறி வரும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த அனுபவம்தான். அந்த இனிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, நான்காவது கிண்ணத்திலும் வருகிறதா என்பதை வைத்தே நான் இலையை மதிப்பேன். மூக்கை மயக்கும் இலை எத்தனையோ உண்டு, தொண்டையில் நிற்பது சிலதான்.

கடைசியில் இலையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி விரலால் விரித்துப் பாருங்கள். உருண்டை முழு இலையாக விரிந்திருக்கும். பறித்து வாடவிட்ட இலைகளைக் குலுக்கும்போது ஓரங்கள் உரசிக் காயம்பட்டு அங்கே மட்டும் சிவக்கின்றன. நடு பச்சை, விளிம்பு செம்பழுப்பு. இதுதான் ஊலாங்கின் கையெழுத்து. சில இளம் பக்குவங்களில் அந்தச் சிவந்த ஓரத்தைத் தட்டி உதிர்த்துவிடுவார்கள், ஆகவே காணாவிட்டாலும் பயம் வேண்டாம்.

வாட்டிய இலையைப் பழக, விலை குறைந்த ஷுய் சியனில் தொடங்குங்கள். கோலாலம்பூரில் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் பழைய தேயிலைக் கடைகளில் கேட்டால் குடித்துப் பார்த்து வாங்கலாம்.

கிள்ளான்காரி:

அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். இளம் பக்குவத்தை இப்படித் தள்ளிவைக்கக் கூடாது! 5 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், தங்கச்சி. மறுநாள் மதியம் வடித்துக் குடித்தால் கசப்பு மிகக் குறைவு, அந்தப் பூ வாசம் அப்படியே இருக்கும். இந்த வெயிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஊற்றும் கை பழக வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். பாக் குட் தே என்ற பன்றி விலா சூப் விற்கும் கடைகளில் பக்கத்திலேயே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர்களே சிறு கூசாவில் இலை போட்டு ஊற்றிக்கொள்வார்கள். காலை ஏழு மணிக்குத் தாத்தாக்கள் கூசாவைச் சாய்க்கும் கையைப் பாருங்கள், ஒரு சொட்டு மேசையில் விழாது.

செராஸ்வாசி:

இருவருக்கும் நன்றி. கைவான் வாங்கிவிட்டேன். முதல் ஊற்றலைக் கொட்டிவிட்டு மூடியை முகர்ந்தபோது அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். இலை நீங்கள் சொன்னபடியே விரிந்தது, ஓரத்தில் அங்கங்கே சிவப்பும் இருக்கிறது. இனிப்பு மூன்றாவது கிண்ணத்தில்தான் எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது. அம்மாவுக்கு இரண்டாவதிலேயே தெரிந்துவிட்டதாம்.

தோழி இப்போது 'தான் சோங்' என்ற ஊலாங் தருகிறேன் என்கிறார், அவர் தியோச்சியு சீனக் குடும்பம். அதையும் இப்படியே போடலாமா?

தண்ணீர்மலை:

கொடுத்து வைத்தவர் நீங்கள்! அது குவாங்டோங் மாநிலத்தில், தியோச்சியுக்காரர்களின் பூர்வீகமான சாவ்சோவை அடுத்த பீனிக்ஸ் மலை இலை. வாசத்தை வைத்தே வகை பிரித்துப் பெயரிடுவார்கள். தேன் ஆர்க்கிட் என்ற வகை புதியவர்களுக்கு உகந்தது. ஆனால் முன்கோபக்கார இலை, கொஞ்சம் தாமதித்தாலும் கசந்துவிடும். 15 விநாடியை மறந்துவிட்டு, ஊற்றி ஐந்து எண்ணுவதற்குள் வடித்துவிடுங்கள். உருண்டையாக இல்லாமல் நீளமாக முறுக்கியிருப்பதால் கிண்ணத்தில் நிறைய இருப்பதாகத் தோன்றும். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். தோழி ஊற்றிக் கொடுக்க முன்வந்தால், முதல் முறை அவர் கையாலேயே குடியுங்கள்.