பழைய பைபர் போட்டும் நம்ம ஊர் ஈரமும்: செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க

நோர்வூட் பாஸ்

கற்பிட்டிக் களப்புல ஓடி ஓய்ஞ்ச பதினெட்டு அடி பைபர் போட் ஒன்னை மச்சினன் வாங்கி, லொறியில ஏத்தி, கினிகத்தேனை வழியா கொண்டாந்து எங்க தோட்டத்து லயத்துக்குப் (வரிசை வீட்டுக்கு) பின்னால கவுத்துப் போட்டுட்டான். காசல்ரீ டேம்ல இறக்கி மீன் பிடிக்கணுமாம். நான் மேசன் வேலைக்காரன், பைபர் வேலையும் கொஞ்சம் பழக்கம். அதனால வேலை என் தலையில விழுந்துச்சு. இப்ப போட் தண்ணியில நிக்குது. கடற்கரைப் பக்கம் இருக்கிற பாஸ்மார் (கைவேலைக்காரங்க) சொல்ற கணக்கு நம்ம மலைப் பக்கம் அப்படியே சரிவராது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன். நீங்களும் பார்த்ததை, கேட்டதைச் சொல்லுங்க.

"கடலையே தாங்கின போட்டு, டேம் தண்ணி இதை என்ன செஞ்சிரும்?" இதைச் சொல்லாத ஆள் எங்க தோட்டத்துல இல்ல. விஷயம் நேர்மாறு. பைபருக்கு உப்புத் தண்ணியைவிட நல்ல தண்ணிதான் பொல்லாதது. ஜெல் கோட்டைத் (பைபருக்கு மேல இருக்கிற பளபளப்பான வெளிப்பூச்சு) தாண்டி எப்படியும் கொஞ்சம் தண்ணி ஊறும். உள்ள ரெசின்ல (கண்ணாடி நாரை ஒட்டி இறுக்கிற பிசின்) கரையிற சாமான்களோட அது சேர்ந்து கெட்டியான ஒரு நீரா நிக்கும். அந்தக் கெட்டி நீர் வெளித் தண்ணியை இன்னும் உள்ள இழுக்கும். கடல் தண்ணியில ஏற்கனவே உப்பு கரைஞ்சிருக்கிறதால இழுப்பு குறைவு. டேம் தண்ணியில உப்பு இல்ல, இழுப்பு கூட. இழுத்து இழுத்து கடைசியில ஜெல் கோட்டைத் தூக்கிக் கொப்புளமாக்கிரும். உப்புத் தண்ணியில சும்மா கிடந்த பழைய ஊறலும் இங்க வந்து ஒரு வருசத்துல தலையைக் காட்டலாம்.

அடிப்பாகத்துப் பாசியைச் சுரண்டிக் கழுவிட்டு உள்ளங்கையால தடவினா, பின்பக்கம் பூரா பட்டாணி அளவுல தடிப்பு. ஒன்னை ஸ்குரூ டிரைவர் முனையால குத்தினேன். சடார்னு பீச்சி அடிச்சுது. விரல்ல வச்சுத் தேய்ச்சா வழுவழுங்குது, மோந்தா வினாகிரி வாசம். அந்த வாசம் வந்தா வேற சோதனையே தேவையில்ல, அது ஊறல் கொப்புளம்தான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுக் குத்துங்க, உள்ள இருக்கிறது அமிலம்.

பிறகு ஒரு நாணயத்தை எடுத்து போட் பூரா தட்டிக்கிட்டே போகணும். நல்ல இடம் 'டக் டக்'னு கேக்கும். உள்ள அடுக்கு பிடி விட்டுப்போன இடம் 'தொப்'புனு கேக்கும். தொப்புனு கேட்ட இடத்தையெல்லாம் சோக்கட்டியால வட்டம் போட்டுக்குங்க.

அடுத்ததுதான் வேலையில முக்கால் பங்கு: காய வைக்கிறது. கொப்புளத்தைத் திறந்து, கிரைண்டர்ல ஜெல் கோட்டை எடுத்து, நல்ல தண்ணியால திரும்பத் திரும்பக் கழுவணும். அமிலம் போகாம மேல பூசினா உள்ளயே இருந்து மறுபடியும் தொடங்கிரும். கழுவின பிறகு காத்தாட விடணும். தேயிலை பெக்டரியில கொழுந்து வாட்டுற மாதிரிதான், அவசரப்பட்டா சரக்கு போச்சு. நம்ம பக்கம் வைகாசி தொடங்கி புரட்டாசி வரைக்கும் மழை விடாது, அதுல காயும்னு நினைக்கவே வேணாம். தை பிறந்து பங்குனி வரைக்கும் உள்ள வெயில்தான் நமக்குக் காலம். அப்பவும் பின்னேரம் மூடுபனி இறங்குறதுக்கு முந்தி பொலித்தீனால மூடிட்டு, காலையில வெயில் ஏறின பிறகு திறந்து விடணும். மூடியே வச்சிருந்தா உள்ள வேர்த்துப்போகும்.

காய்ஞ்சிருச்சான்னு பார்க்க மீட்டர் கீட்டர் ஒன்னும் வேணாம். ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடிப் பொலித்தீன் வெட்டி, வெறும் பைபர் மேல வச்சு, நாலு ஓரத்தையும் டேப்பால காத்துப் போகாம ஒட்டிட்டு வெயில்ல விடுங்க. உள்பக்கம் முத்து முத்தா வேர்வை கட்டினா இன்னும் ஈரம் இருக்கு. நான் அடிப்பாகத்துல அங்கங்க ஒட்டி வச்சு, எல்லா இடத்துலயும் வேர்க்காம நின்ன பிறகுதான் ரெசின் டின்னைத் திறந்தேன். மச்சினன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சான். திரியட்டும்.

அடுப்பு வச்சுக் காய வைக்கிற யோசனையும் வந்துச்சு. வேணவே வேணாம். கேஸ், மண்ணெண்ணெய் ரெண்டுமே எரியும்போது நீராவியை விடும். சூடு வரும், கூடவே ஈரமும் வந்து குளிர்ந்த பைபர்ல படியும். ரெசின், அசிட்டோன் பக்கத்துல நெருப்புன்னா அது தனிக் கதை.

மஸ்கெலியா பையன்

பாஸ் அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. எங்க மாமா போட்டு வேற மாதிரி அடிவாங்கினது. மவுசாகலை டேம்ல தண்ணி இறங்கினா பழைய மஸ்கெலியா டவுன் வெளிய வரும்னு எல்லாருக்கும் தெரியும்தானே. அணை கட்டினப்போ முழுகின ஊர். கோயில் சுவரெல்லாம் தெரியுறப்போ ஆளுங்க படம் எடுக்க வருவாங்க. மீன் பிடிக்கிறவங்களுக்குப் பயம் அது முழுசா வெளிய வர்றதுக்கு முந்தினதுதான். அரை அடித் தண்ணிக்குக் கீழ பழைய அத்திவாரம் நிக்கும், கலங்கல்ல கண்ணுக்குத் தெரியாது. மாமா அதுல ஏத்திட்டாரு. அடியில கையளவு ஓட்டை.

ஓட்டை அளவுக்கு மெட் (கண்ணாடி நார்ப் பாய்) வெட்டி மேல ஒட்டினா அடுத்த தட்டுல பிஞ்சு வந்துரும்னு திருத்த வந்த பாஸ் சொன்னாரு. பைபர் எவ்வளவு தடிப்போ அதைப்போல பன்னிரண்டு மடங்கு சுத்திவரச் சரிவா தேய்க்கணுமாம். ஆறு மில்லிமீட்டர் தடிப்புன்னா ஓட்டையைச் சுத்தி 72 மில்லிமீட்டர். கையளவு ஓட்டை தாம்பாளம் அளவுக்கு ஆனதைப் பார்த்து மாமி அழாத குறை. சதுர மீட்டருக்கு 450 கிராம் மெட், அதுக்கு மேல ரோவிங் துணி (நெய்த கண்ணாடி நார்), திரும்ப மெட்னு வச்சாரு. மெட்டை முதல்ல தராசுல நிறுத்து, அதைப்போல ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் எடுத்தாரு. அதுக்கு மேல ஊத்தினா பலம் கூடாது, வெடிப்புத்தான் கூடும்னாரு. வெள்ளையா தெரிஞ்ச இடத்தையெல்லாம் இரும்பு ரோலரால உருட்டி உருட்டிக் காத்தை வெளியேத்தினாரு.

அந்த ரோலர் ஹட்டன்ல தேடிக் கிடைக்கல. நீர்கொழும்பு ஆள் ஒருத்தர்கிட்ட சொல்லி பஸ்ல போட்டுவிடச் சொன்னோம்.

சீத எலியா ஆள்

நாங்க இன்னும் மேல இருக்கோம். நுவரெலியா 1868 மீட்டர். கிரகரி ஏரியில ஓடுற அன்னப்பறவை போட்டெல்லாம் பைபர்தான், அதுங்களுக்கு ஒட்டுப்போடுற இடத்துல கொஞ்ச காலம் வேலை செஞ்சேன். ஏப்ரல் சீசனுக்கு முந்தி எல்லாம் முடிஞ்சாகணும், ஆனா அந்த நேரம் ராத்திரியில சில நாள் புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கிடக்கும்.

பாலியெஸ்டர் ரெசினுக்கு 15 பாகைக்குக் கீழ போனா சரியா இறுகாது. இங்க எல்லாரும் செய்யிற வேலை, குளிரா இருக்குன்னு ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கிற மருந்து) அள்ளி ஊத்துறது. ரெசின் எடையில நூத்துக்கு ஒன்னுல இருந்து ரெண்டு, அவ்வளவுதான். ரெண்டைத் தாண்டி எவ்வளவு ஊத்தினாலும் குளிரை ஈடுகட்டாது. மேல கெட்டியான மாதிரி இருக்கும், நகத்தால அழுத்தினா பதியும். அது பிறகு வெயில் பட்டாலும் முழுசா தேறாது.

எங்க மேலாள் வேலையை வெயில் நல்லா ஏறின பிறகு தொடங்கி ரெண்டு மணிக்கு நிறுத்திருவாரு. ரெசின் டின்னை இளஞ்சூட்டுத் தண்ணி வாளியில வச்சு வெதுவெதுப்பாக்குவாரு. ஹார்ட்னர் போத்தலை மட்டும் சூட்டுப் பக்கமே கொண்டுபோக விடமாட்டாரு. போட்டையும் உள்ளுக்குள்ள ரெண்டு மூணு பழைய குண்டு பல்ப் போட்டு முதல்லயே சூடாக்கி வைப்பாரு. ரெசினைத் திறக்கிறதுக்கு முந்தி பல்ப்பெல்லாம் வெளிய வந்துரும்.

இன்னொன்னு, உயிர்ப் பிரச்சினை. சில கடையில, ரெசின் இறுகுறதை வேகப்படுத்துற கோபால்ட்டைத் தனியா சின்னப் போத்தல்ல தருவாங்க. அதை முதல்ல ரெசின்ல நல்லாக் கலக்கி முடிக்கணும், அதுக்குப் பிறகுதான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரா சந்திச்சா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே கரண்டியைக்கூட ரெண்டுக்கும் பாவிக்காதீங்க. ஹார்ட்னர் கண்ணுல பட்டா பார்வையே போகும். உடனே தண்ணியால நிறைய நேரம் கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கொழுந்துக்கூடை

ஆம்பளைங்க எல்லாரும் ரெசினைப் பத்தியே எழுதுறீங்க. பக்கத்து வீட்டுக்காரியா நான் ஒன்னு சொல்றேன். லயத்துல ஒரு சுவர்தான் ரெண்டு வீட்டுக்கும். கூரைக்குக் கீழ அந்தச் சுவரும் முழுசா ஏறியிருக்காது. பக்கத்துக் காம்பராவுல இருந்த அண்ணன் ஸ்தோப்புலயே (முன் திண்ணையிலயே) வச்சு போட்டுக்கு ரெசின் பூசினாரு. அந்த வாடை எங்க வீட்டுச் சோத்துல, துணியில, தலைகாணியில வரைக்கும். சின்னவளுக்கு ராத்திரி பூரா தலைவலி, வாந்தி. பிறகு தோட்டத் தலைவர் வந்து பேசி போட்டைப் பழைய கொட்டகைக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

தேய்க்கிற தூசு அதைவிட மோசம். வேலை செய்யிற ஆளு போட்டிருந்த சேட்டை நான் சேர்த்துத் துவைச்சிட்டு, பிள்ளைங்க உடுப்பெல்லாம் ஊசி குத்துற அரிப்பு. தனியாத் துவைங்க. உடம்புல பட்டா பச்சைத் தண்ணியில கழுவுங்க, சுடுதண்ணி வேணாம். நீட்டுக் கை சேட்டு, நல்ல மாஸ்க். துணியைக் கட்டிக்கிட்டு நிக்கிறதெல்லாம் மாஸ்க் இல்ல. பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போறவங்க சின்னப் பிள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம்) பக்கத்துல இருந்தா பிள்ளைங்க வீட்டுக்குப் போன பிறகு கிரைண்டரைப் போடுங்க. தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூசு பறக்காதுன்னு சொன்னா, "கையால எப்ப தேய்ச்சு முடிக்கிறது"ன்னு கேக்குறாங்க. எனக்கென்ன தெரியும், நான் கொழுந்து பறிக்கிறவ.

நோர்வூட் பாஸ்

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. நான் சொல்லாம விட்டதும் அதுதான். தண்ணி தொட்டுத் தேய்க்கலாம்மா, ஜெல் கோட்டு மேல மட்டும். கையாலதான், மின்சார கிரைண்டர் பக்கத்துல தண்ணி ஆகாது. திறந்துபோன பைபர்ல தண்ணி பட்டா காய வச்ச காலமெல்லாம் வீண்.

பண்டாரவளை

ஊவா பக்கம் இருக்கிறவங்க பாஸ் அண்ணன் சொன்ன மாசக் கணக்கைப் பார்த்துத் தொடங்கிராதீங்க. உங்களுக்கு மழைக்காலம்னா எங்களுக்கு வெயில். ஆனி, ஆடியில மேற்குல மழையைக் கொட்டிட்டு மலையைத் தாண்டி வர்ற கச்சான் காத்து காய்ஞ்சுபோய்த்தான் இறங்கும். அந்த நேரம் பொலித்தீன் சோதனையில வேர்வையே காணோம். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் எங்க முறை நனையிறது.

எங்க வீட்டு போட்டுக்கு எஞ்சின் பலகைதான் (எஞ்சினை மாட்டுற பின்பக்கப் பலகை) வியாதி. வெளியில பார்த்தா பைபர் பளபளன்னு இருக்கு, உள்ள இருக்கிற பிளைவுட் பஞ்சு. உள்பக்கமா மெல்லிசா ஒரு ஓட்டை துளைச்சதும் தேத்தண்ணி நிறத்துல ஒழுகுச்சு. உள்தோலை வெட்டி எடுத்து, அழுகின பலகையை உளியால நோண்டி, புது மரைன் பிளைவுட் வச்சோம். வெளித்தோலை வெட்டல, போட் உருவம் மாறிரும்.

இபொக்சி (பாலியெஸ்டர் இல்லாத வேற வகை ரெசின்) நல்லா ஒட்டும்னு அண்ணா அதுல ஒட்டினாரு. குளிரும் ஈரமுமா இருந்த ஒரு நாள் ராத்திரி அது மேல மெழுகு மாதிரிப் பிசுபிசுன்னு ஒரு படிவு. அதைத் தண்ணியும் ஸ்கொட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவாம அடுத்த பூச்சு போடக்கூடாது. இன்னொன்னும் பார்த்துக்கங்க: பாலியெஸ்டர் மேல இபொக்சி பிடிக்கும், இபொக்சி மேல பாலியெஸ்டர் அவ்வளவு நல்லாப் பிடிக்காது. எதுல முடிக்கப்போறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க.

மஸ்கெலியா பையன்

பாஸ் அண்ணே, எங்க போட்டு கடைசிப் பூச்சு ஒரு வாரமாகியும் கையில ஒட்டுது. குளிரா?

நோர்வூட் பாஸ்

அடிப்பக்கம் நகத்தால அழுத்திப் பாரு தம்பி. பதிஞ்சா குளிர், இறுகல. சுரண்டி எடுக்க வேண்டியதுதான். பதியாம மேல மட்டும் ஒட்டினா அது காத்து பட்டதால. வெறும் பாலியெஸ்டர் காத்துல நின்னா மேல்தோல் இறுகாது, கடைசிப் பூச்சுல மெழுகுக் கரைசல் கலந்திருக்கணும். அசிட்டோன் தொட்ட துணியால துடைச்சு, லேசாத் தேய்ச்சிட்டு, மெழுகு கலந்து இன்னொரு பூச்சு போடு.

முன்னாலயும் பின்னாலயும் உள்ள பெட்டியில மிதக்கிறதுக்குப் போட்ட போம் இருக்கும், அதையும் திறந்து பாரு. எங்களோடதைத் திறந்தா ஊறிப்போய் பாறை கனம். பிழிஞ்சா தண்ணி கொட்டுது. போட் கவுந்தா தூக்கி நிறுத்த வேண்டிய சாமான், அதுவே இழுத்துக்கிட்டுப் போகும். அதை எடுத்துட்டு, மூடின நல்ல பிளாஸ்டிக் கேன்களை அசையாம அடுக்கி வச்சோம். லைப் ஜெக்கட் தனியா வாங்கணும். மச்சினன் அதுக்குத்தான் இப்ப காசு சேர்க்கிறான். வாங்குற வரைக்கும் கரையோரமாத்தான் போகணும்னு தங்கச்சி துடுப்பைத் தூக்கி வீட்டுக்குள்ள வச்சிருக்கா.