விபத்து வழக்கு: ஃபெடரல் கோர்ட்டா, ஸ்டேட் கோர்ட்டா?

எடிசன்வாசி: நியூஜெர்சியில் எச்1பி விசாவில் இருக்கிறேன். போன மார்ச்சில் ஒரு டெலிவரி டிரக் என் காரை இடித்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவே 75,000 டாலரைத் தாண்டிவிட்டது. டிரைவர் நியூஜெர்சியில் குடியிருக்கும் அமெரிக்கர். டிரக் கம்பெனி டெலவேரில் பதிவானது, தலைமை ஆபீஸ் டெக்சாஸில். எங்கே வழக்குப் போடுவது?

ஹூஸ்டன்காரன்: ஃபெடரல்தான், அதாவது மத்திய அரசின் கோர்ட். நீங்கள் இந்தியக் குடிமகன், எதிர்த்தரப்பு அமெரிக்கர்கள், தொகையும் 75,000-க்கு மேல். வெளியாளுக்கு உள்ளூர்க் கோர்ட்டில் நியாயம் கிடைக்காமல் போகுமோ என்ற கவலையில் திறந்துவைத்த வாசல் அது. கம்பெனியின் சாட்சிகள் டெக்சாஸில் இருந்தால் ஃபெடரல் சப்பீனா (சாட்சியை வரவழைக்கும் கோர்ட் உத்தரவு) அங்கேயும் செல்லும்.

சட்டப்பறவை: வாசல் திறந்திருந்தால் உள்ளே போயே ஆகணுமா அண்ணா? 1938-இல் உச்ச நீதிமன்றத்தின் ஈரி ரயில்ரோடு தீர்ப்பு வந்ததிலிருந்து இந்த மாதிரி வழக்கில் ஃபெடரல் கோர்ட்டும் மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்கும். மாறுவது ஜூரி. நியூஜெர்சி ஸ்டேட் கோர்ட்டில் 6 பேரில் 5 பேர் ஒத்துக்கொண்டால் போதும். ஃபெடரலில், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, அத்தனை பேரும் ஒத்துக்கொள்ளணும். அடிபட்டவர் பக்கம் நின்று யோசியுங்கள்.

ஹூஸ்டன்காரன்: ஸ்டேட்டில் போட்டால் சம்மன் கிடைத்த 30 நாளில் கம்பெனியே ஃபெடரலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அலைச்சல்தான் மிச்சம்.

சட்டப்பறவை: டிரைவரையும் பிரதிவாதியாகச் சேர்த்தால் இழுக்க முடியாது. அவர் உள்ளூர்க்காரர். ஒரு ஓட்டை உண்டு: டிரைவருக்குச் சம்மன் சேருமுன் கம்பெனி முந்திக்கொண்டால் அது செல்லும் என்று நியூஜெர்சி அடங்கிய மூன்றாம் சர்க்யூட் ஃபெடரல் அப்பீல் கோர்ட் 2018-இல் சொல்லிவிட்டது. அதனால் வழக்குப் போட்ட கையோடு டிரைவருக்குச் சம்மன் சேர்த்துவிடணும்.

எடிசன்வாசி: ஒன்று சொல்ல மறந்துட்டேன். கிரீன் கார்டு அடுத்த மாதம் வந்துவிடும் போல.

சட்டப்பறவை: அப்படியென்றால் ஃபெடரல் வாசலே மூடுகிறது! கிரீன் கார்டோடு நியூஜெர்சியிலேயே நிலையாகக் குடியிருந்தால், அதே மாநில டிரைவர் மேல் இந்த வழக்கை அங்கே போட முடியாது.

ஹூஸ்டன்காரன்: தாக்கல் செய்யும் நாளில் என்ன நிலையோ அதுதானே கணக்கு? இந்த வாரமே போட்டால் எச்1பிதான். இல்லையென்றால் டிரைவரை விட்டுவிட்டுக் கம்பெனி மேல் மட்டும் போடட்டும்.

சட்டப்பறவை: தேதியில் ஒரு நாள் பிசகினால் என்ன ஆகும்? கென்டக்கி மாட்லி தம்பதி, ரயில் கம்பெனி தந்த ஆயுள் பாஸுக்காக ஃபெடரல் கோர்ட்டில் ஜெயித்தார்கள். இரு தரப்பும் கேட்காமலேயே, இங்கே இந்த வழக்குக்கு அதிகாரமில்லை என்று 1908-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஸ்டேட் கோர்ட்டில் முதலிலிருந்து ஆரம்பித்து, 1911-இல் தோற்றே போனார்கள். அடிபட்ட உடம்போடு இவருக்கு அந்த அலைச்சல் எதற்கு?

ஹூஸ்டன்காரன்: பிசகாமல் போடத்தானே வக்கீல்? சப்பீனாவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

சட்டப்பறவை: டெக்சாஸ் சாட்சியை அந்த மாநிலக் கோர்ட் வழியாகவும் விசாரிக்கலாம், கொஞ்சம் நாளாகும். அவ்வளவுதான். எடிசன் தம்பி, எங்கே போட்டாலும் விபத்து நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு.

எடிசன்வாசி: டிரைவர் முகவரி போலீஸ் ரிப்போர்ட்டில் இருக்கிறது அக்கா. ஸ்டேட் கோர்ட் என்றே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன்.